வராத திங்கள்: கும்பளங்கியும் ஒரு நோயின் பெயரும்

2022 ஜனவரி 13 அன்று, எர்ணாகுளம் மாவட்டத்தின் கும்பளங்கி, சானிட்டரி நாப்கின் இல்லாத இந்தியாவின் முதல் கிராமமாக அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் அன்றைய கேரள ஆளுநர் ஆரிஃப் முகமது கான். எர்ணாகுளம் நாடாளுமன்ற உறுப்பினர் ஹைபி ஈடனின் 'அவள்க்காயி' (அவளுக்காக) என்ற முயற்சியின்கீழ், பதினெட்டு வயது நிரம்பிய பெண்களுக்கு 5,000 மாதவிடாய்க் கிண்ணங்கள் வழங்கத் திட்டமிடப்பட்டது. எச்.எல்.எல். நிறுவனத்தின் மேலாண்மைக் கழகம் நடத்திய 'திங்கள்' திட்டம் அதற்குத் துணை நின்றது.

கும்பளங்கி காயலால் சூழப்பட்ட ஊர். சீனவலைகளுக்கும், மழைக்காலத்தில் பொக்காளி நெல்லும் மற்றக் காலத்தில் இறாலும் மாறிமாறி விளையும் வயல்களுக்கும் பெயர்பெற்றது. இத்தகைய ஊரில் நாப்கின்களைப் புதைக்க உலர்ந்த நிலம் அரிது. எறிந்தால் அவை நீரில்தான் சேரும். 2018 பெருவெள்ளத்தின்போது துயர்துடைப்பு முகாம்களில் நாப்கின் கழிவு பெருஞ்சிக்கலாயிற்று. அதன் தொடர்ச்சியாகவே 2019இல் ஆலப்புழை நகராட்சியில் 'திங்கள்' திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு ஜனவரியில், சபரிமலைத் தீர்ப்பை ஒட்டிய கொந்தளிப்பின் நடுவே, கொச்சியில் 'ஆர்ப்போ ஆர்த்தவம்' என்ற மாநாடு கூடியது. வள்ளங்களிப் போட்டியில் எழும் ஆரவாரச் சொல் 'ஆர்ப்போ'. மாதவிடாய்க்கு மலையாளத்தில் வழங்கும் சொல் 'ஆர்த்தவம்'. அதுவரை தாழ்ந்த குரலில் மட்டுமே ஒலித்த ஒரு சொல்லோடு விழாக் கூவல் ஒன்று இணைந்தது.

திட்டத்தின் பெயரும் கருதத்தக்கது. தமிழிலும் மலையாளத்திலும் திங்கள் என்பது நிலவு. தமிழில் மாதமும் அதுவே. மீண்டும் மீண்டும் வருவது என்ற உறுதி அச்சொல்லில் அடங்கியிருக்கிறது. தொல்காப்பியக் கற்பியலும் பூப்பை ஒட்டிய பன்னிரண்டு நாள்களைக் கணக்கிட்டுப் பேசுகிறது. எண்ணிக்கை இவ்வுரையாடலுக்குப் புதிதன்று.

எனினும் அந்த உறுதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கிண்ணம், வருகின்ற குருதியை ஏந்துவது. குருதி வராத மாதங்களைப் பற்றிய கேள்வியை அது எழுப்புவதில்லை. பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நோய்க்குறித் தொகுப்பின் வரலாறு அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.

1721இல் இத்தாலிய மருத்துவர் அந்தோனியோ வல்லிஸ்னேரி, மகப்பேறு வாய்க்காத ஓர் உழவர்குடிப் பெண்ணின் சினைப்பைகள் பெருத்து, மேடுபள்ளமாய், புறா முட்டைபோல் வெண்மையாக மின்னியதைக் குறித்து வைத்தார். 1921இல் பாரிசில் அஷார், தியர் ஆகிய இரு மருத்துவர்கள், பெண்களின் முகத்தில் வளரும் மிகை முடிக்கும் சர்க்கரைக் கோளாறுக்கும் உள்ள தொடர்பை எழுதினர். 1935இல் சிகாகோவின் இர்விங் ஸ்டைனும் மைக்கேல் லெவெந்தாலும் ஏழு பெண்களைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். சினைப்பையின் ஒரு பகுதியை ஆப்புபோல் வெட்டி எடுத்தபின் எழுவருக்கும் மாதவிடாய் திரும்பியது, இருவர் கருவுற்றனர். அறுவைக் கத்தியின் வழியே அறியப்பட்டதால், நோயின் இருப்பிடம் சினைப்பையே என்ற எண்ணம் வேரூன்றியது.

அக்கட்டுரைத் தலைப்பின் முதற்சொல் 'மாதவிடாயின்மை' என்பது. நீர்க்கட்டிகள் அதற்குப் பின்னரே வந்தன. நெடுங்காலம் இருவர் பெயராலும் அழைக்கப்பட்ட நோய், பின்னர் 'பல நீர்க்கட்டிச் சினைப்பை' என்ற பெயரில் நிலைத்தது. பெண் தானே உணர்ந்து நாள் எண்ணிச் சொல்லக்கூடிய அறிகுறி பெயரிலிருந்து உதிர்ந்தது. மருத்துவர் மட்டுமே காணக்கூடிய காட்சி எஞ்சியது.

அந்தப் பெயரும் பிழையானது. அங்கே இருப்பவை கட்டிகள் அல்ல. சினைமுட்டை வளரும் சிறு பைகள். வழக்கமான சுழற்சியில் அவற்றுள் ஒன்று முதிர்ந்து முட்டையை வெளியிடும். இந்நிலையிலோ இன்சுலினின் மிகுதியும் மூளையடிச் சுரப்பியின் தூண்டலும் சினைப்பையை மிகுதியாக ஆண்ட்ரஜன் சுரக்கச் செய்கின்றன. பைகள் பாதி வளர்ச்சியில் நின்று, ஸ்கேன் படத்தில் வரிசையாகத் தெரிகின்றன. உயர்ந்த இன்சுலினுக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவை 1980இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளிப்படுத்தியதும், அது சினைப்பையின் எல்லையைக் கடந்து உடல் முழுவதையும் தழுவிய வளர்சிதைமாற்றச் சிக்கலாயிற்று. அஷாரும் தியரும் கண்ட தொடர்பு அறுபது ஆண்டுகளுக்குப் பின் பொருள் பெற்றது.

2003இல் ராட்டர்டாமில் கூடிய வல்லுநர்கள் மூன்று அடையாளங்களை வகுத்தனர்: ஒழுங்கற்ற முட்டை வெளியேற்றம், மிகுந்த ஆண்ட்ரஜன், ஸ்கேனில் தெரியும் சினைப்பைத் தோற்றம். பிற காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்தபின், இவற்றுள் இரண்டு இருந்தால் போதும். ஆகவே ஸ்கேனில் 'நீர்க்கட்டி' தெரியாத பெண்ணுக்கும் இந்நோய் இருக்கலாம்; அது தெரிகிற பெண்ணுக்கு நோய் இல்லாமலும் இருக்கலாம். இக்குழப்பத்தைக் கருதியே, 2012 இறுதியில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய குழு பெயரை மாற்றப் பரிந்துரைத்தது.

தமிழ் வழக்கு இப்பிழையை இன்னொரு படி நீட்டியது. 'கருப்பை நீர்க்கட்டி' என்ற பரவலான தொடர், சினைப்பையில் உள்ளதைக் கருப்பைக்கு இடம் மாற்றிவிடுகிறது. 'கட்டி' என்ற சொல் புற்றுநோய் அச்சத்தைக் கிளறுகிறது. அறுத்து எடுத்துவிடலாம் என்ற எதிர்பார்ப்பையும் வளர்க்கிறது. அதனோடு 'கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்' என்ற அறிவுரையும் சேர்கிறது. திருமணம் இன்சுலின் செயற்பாட்டை மாற்றுவதில்லை.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, மகப்பேற்று வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்நிலை உண்டு. அவர்களில் 70 விழுக்காடு வரை நோய் கண்டறியப்படாமலே வாழ்கின்றனர். 2011இல் வெளியான ஆந்திர ஆய்வொன்று 460 வளரிளம் பெண்களிடையே 9.13 விழுக்காட்டினரிடம் இதனைக் கண்டது. தெற்காசியப் பெண்களிடம் இன்சுலின் எதிர்ப்பு இளவயதிலேயே, குறைந்த உடல் எடையிலும் தோன்றுவதால், மெலிந்தவருக்கு இது வராது என்ற நம்பிக்கையும் தவறு.

இந்நிலையோடு வாழ்தல் என்பது நெடுநாள் கவனிப்பு. பூப்பெய்தி மூன்று ஆண்டுகள் கடந்தபின், சுழற்சி 21 நாளுக்குக் குறைந்தாலும் 35 நாளைத் தாண்டினாலும், ஆண்டில் எட்டு முறைக்கும் குறைவாக வந்தாலும் மருத்துவரை அணுக வேண்டும். நெடுநாள் வராமலே இருந்தால் கருப்பையின் உட்படலம் தடித்து, பிற்காலத்தில் புற்றுநோய்க்கு இடந்தரலாம். மருந்தால் அதனைத் தடுக்க இயலும். சர்க்கரை, குருதியழுத்தம் ஆகியவற்றோடு மனச்சோர்வையும் சோதித்தறிய வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டி வலியுறுத்துகிறது. எடை மிகுந்தோருக்குச் சிறிதளவு குறைவே சுழற்சியைச் சீராக்கக்கூடும். இயக்குநீர் மாத்திரைகளும் மெட்ஃபார்மினும், மகப்பேறு விரும்புவோருக்கு லெட்ரோசோலும் தேவைக்கேற்ப உதவுகின்றன. பெரும்பாலோருக்குத் தாய்மை எட்டாக் கனியன்று.

கிண்ணத்தின் வரலாறும் ஏறத்தாழ இதே காலத்தது. ஸ்டைன், லெவெந்தால் கட்டுரைக்கு ஈராண்டுகளுக்குப் பின், 1937இல், அமெரிக்க நடிகை லியோனா சாமர்ஸ் மாதவிடாய்க் கிண்ணத்துக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப்போர்க் கால ரப்பர்த் தட்டுப்பாட்டால் அது முடங்கியது. ஒன்று கழிவுச் சிக்கலுக்கு விடையாகக் கேரளம் வந்து சேர்ந்தது. மற்றொன்று பிழையான பெயரோடு வீடுகளுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது.

கும்பளங்கியின் முயற்சி, மாதவிடாயை ஊர்ப் பொதுவில் பேசத்தக்க பொருளாக்கியது. அந்த வெற்றி சிறிதன்று. அதன் அடுத்த படிக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. கிண்ணத்தை மடிக்கவும் கழுவவும் கற்பிக்கும் வகுப்பிலேயே, நாள்காட்டியில் நாளைக் குறித்து வைக்கவும், எத்தனை நாள் தாமதித்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்றும் சொல்லிக்கொடுக்கலாம். வீடு வீடாகச் செல்லும் ஆஷா பணியாளர் 'கடைசியாக எப்போது வந்தது' என்று கேட்பது கர்ப்பத்தை அறிவதற்கு மட்டுமானதாக இருக்க வேண்டியதில்லை. 1935இன் கட்டுரைத் தலைப்பில் முதலாவதாக நின்று, பெயரிலிருந்து உதிர்ந்துபோன அந்த அறிகுறியை மீட்பதற்கு அந்த ஒரு கேள்வியே வழி.