பிக்கப் வண்டியின் முளைத்துளைகள்

சில துளைகளின் வரலாற்றை இன்று கூறப் புகுகின்றேன். துளைக்கும் வரலாறு உண்டோ என்று நகையாதீர்கள். அமெரிக்க நாட்டில் ஓடும் பிக்கப் வண்டிகள் பலவற்றில், பின்புறச் சரக்குப் பெட்டியின் மேல்விளிம்பில் சிறு துளைகள் இருக்கக் காணலாம். சிலவற்றில் அவை பிளாஸ்டிக் மூடியால் மறைக்கப்பட்டிருக்கும்.

வண்டியின் ஓரத்தில் துளையிட்டுக் கழி நாட்டுவது பழைய வழக்கம். நம் மாட்டுவண்டிக்காரர் அக்கழியை முளைக்குச்சி என்பர். பாரம் விளிம்புக்கு மேல் உயர்ந்தாலும் சரிந்து விழாமல் தாங்குவது அதுவே. அமெரிக்க உழவரின் குதிரை வண்டிக்கும் இம்முறை புதியதன்று.

ஃபோர்டு கம்பெனியின் டி மாடல் கார் 1908ஆம் ஆண்டில் வெளிவந்தது. உழவர் பலர் அதனை வாங்கினர். ஆயினும் அது மக்கள் ஏறிச் செல்வதற்கான வண்டி. தானிய மூட்டைக்கு அதில் இடம் ஏது? எனவே, இருவர் அமரும் ரன்னபௌட் வகையின் பின்பகுதியைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் மரப்பெட்டி ஒன்றைத் தாமே பூட்டிக்கொண்டனர். வேறு கம்பெனிகளும் அத்தகைய பெட்டிகளைச் செய்து விற்றன. 1917இல் ஒரு டன் பாரத்துக்கென ஃபோர்டு கம்பெனி வெளியிட்ட டிடி வண்டிக்கும், தொடக்கத்தில் மேற்கூட்டை வாங்கியவரே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

உழவர் செய்ததைக் கண்டு தொழிற்சாலை கற்றுக்கொண்டது என்றே நான் சொல்வேன். 1925ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 15ஆம் நாள், பெட்டியோடு கூடிய ரன்னபௌட்டை ஃபோர்டு கம்பெனி 281 டாலர் விலையில் வெளியிட்டது. பெட்டியின் நீளம் 56 அங்குலம். அகலம் ஏறத்தாழ 40. ஆழமோ 13 அங்குலமே. பின்பக்கம் திறந்து மூடும் கதவும், வலிமை மிக்க வில்தட்டுகளும் இருந்தன. இவற்றோடு நான்கு முளைத்துளைகளும் இருந்தன! 13 அங்குலம் எல்லோருக்கும் போதுமா? வேண்டியவர் கழி நாட்டிப் பலகை கோத்து உயர்த்திக்கொள்ள அத்துளைகள் வழி செய்தன. வாங்குவோனுடைய தொழிலைத் தன்னைவிட அவனே நன்கறிவான் என்னும் அடக்கம் அதில் எனக்குத் தெரிகின்றது.

பின்னர் அழகுணர்ச்சி புகுந்தது. 1955இல் செவர்லே கம்பெனியின் கேமியோ கேரியரும், 1957இல் ஃபோர்டின் ஸ்டைல்சைடும் பக்கங்கள் வழவழப்பாக அமைந்து வந்தன. உழவு வண்டி குடும்ப வண்டியாகவும் மாறியது. மரக்கழி நின்ற இடத்தில், விளிம்பின் மீது நீளவாக்கில் ஓடும் எஃகுக் குழாய்க் கம்பிகளைப் பலர் பொருத்தலாயினர். பார்வைக்கு மட்டுமன்று, கயிறு கட்டவும் அவை உதவும்.

பொருத்தும் முறை இருவகை. ஒன்று, விளிம்பில் புதிதாகத் துளையிட்டு மரையாணியால் முடுக்குவது. வண்ணப்பூச்சு உடைந்த இடத்தில் ஈரம் புகுந்தால் எஃகு துருப்பிடிக்கும். மற்றொன்று, கம்பியின் காலைப் பழைய முளைத்துளைக்குள் இறக்குவது. ஆணியை முடுக்க, உள்ளிருக்கும் பிடிப்புத் துண்டு விரிந்து துளையின் சுவரைக் கவ்விக்கொள்ளும். பின்னது நூறாண்டுக்கு முந்தைய ஏற்பாட்டையே நம்பி நிற்பதால், என் வாக்கு அதற்கே. எனினும் விளிம்புத் தகடு மெல்லியது. மோட்டார் சைக்கிள் போன்ற பளுவை அக்கம்பியில் கட்டாமல், பெட்டியின் அடிப்புறத்தில் உள்ள வளையங்களில் கட்டுவதே முறை.

இந்நூற்றாண்டில் கம்பெனிகளே இவ்வேலையை மேற்கொண்டன. நிசான் டைட்டன் வண்டி 2004ஆம் ஆண்டு மாடலிலும், டொயோட்டா டகோமா 2005ஆம் ஆண்டு மாடலிலும், பெட்டிக்குள் நீண்ட தண்டவாளம் போன்ற சட்டங்களோடு வந்தன. கயிறு கட்டும் கொக்கியை அதில் நகர்த்தி, எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை மட்டும் வண்டிக்காரரிடம் விட்டுவிட்டனர்.