நாற்றம்: ஒரு புலன்சொல்லின் வரலாறும் வருணனை மொழிபெயர்ப்பும்

ஒரு நிலத்தையோ பொருளையோ சொல்லால் காட்ட முனையும் வருணனை, ஐம்புலன்களின் பட்டறிவையும் கருவியாகக் கொள்கிறது. அவற்றுள் மூக்கிற்குரிய சொற்கள் நன்று, தீது என்னும் மதிப்பீட்டோடு எளிதில் ஒட்டிக்கொள்ளும் இயல்பின. அம்மதிப்பீடு காலந்தோறும் மாறும்போது பழைய வருணனையே தடம் புரண்டு பொருள்படும். தமிழில் ‘நாற்றம்’ என்னும் சொல்லின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இலக்கண மரபு

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்கிறது. தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணல், கேட்டல் என ஏறிவரும் அவ்வரிசையில் மூன்றாவதாகிய முகர்வுணர்வுக்குக் கறையானும் எறும்பும் எடுத்துக்காட்டுகள். அந்நூலின் உவமவியலோ வினை, பயன், மெய், உரு என்னும் நான்கையே உவமையின் அடிப்படைகளாகக் கூறுகிறது. மெய்யாவது வடிவு, உருவாவது நிறம். மணத்திற்குத் தனிப்பெயர் இல்லை. எனினும் செய்யுள் வழக்கில் அதன் இடம் சிறிதன்று. மலைபடுகடாம் மலையின் ஒலிகளை நிரல்படத் தொகுத்துச் செவிவழி நிலத்தைக் காட்டுகிறது. குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தற்குக் கபிலர் இதனைப் பாடினார் என்பது மரபுச் செய்தி. வேற்று மொழியாளருக்கு ஒரு மொழியின் இயல்பை உணர்த்தும் பணியும் செறிந்த வருணனையும் அச்செய்தியில் இணைந்து நிற்பது கருதத்தக்கது.

பொருள் திரிபு

திருக்குறளில் ‘நாற்றம்’ ஐம்புலன் நுகர்ச்சிகளுள் ஒன்றன் பொதுப்பெயராக வருகிறது (27). குறிப்பறிவுறுத்தல் அதிகாரத்திலோ அது மொட்டினுள் அடங்கிய நறுமணம். தலைவியின் புன்முறுவலில் உறையும் குறிப்பிற்கு உவமை (1274). சொல்வன்மை அதிகாரம், கற்றதைப் பிறர் உணர விரித்துரைக்க மாட்டாதாரை நாறாத மலருக்கு ஒப்பிடுகிறது (650). அங்கு நாறாமை குறை. இன்றைய பேச்சு வழக்கிலோ நாறாமையே நிறை. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் வெண்சங்கை நோக்கிக் கண்ணனின் வாய் மணத்தை வினவுமிடத்தும் ‘நாறு’ என்னும் வினையே பயில்கிறது. அதனை இன்றைய பொருளில் கொள்வோர்க்கு வழிபாடு வசையாகிவிடும்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924-1936) ‘நாற்றம்’ என்பதற்கு நற்பொருள், தீப்பொருள் இரண்டையும் தருகிறது. ‘துர்நாற்றம்’ என்னும் கலப்புச் சொல்லாக்கமும் ஒரு சான்று. அடிச்சொல் தன்னளவிலேயே தீமணத்தைக் குறித்திருப்பின் ‘துர்’ என்னும் முன்னொட்டு வேண்டப்பட்டிராது. நடுநிலைப் பொருள் உயிரோடிருந்த நிலையிலேயே இவ்வாக்கம் எழுந்திருத்தல் வேண்டும். பின்னர் ‘மணம்’, ‘வாசனை’ ஆகியவை நற்பொருளைத் தமதாக்கிக்கொள்ள, ‘நாற்றம்’ முன்னொட்டின்றியே தீமணத்தை உணர்த்தலாயிற்று.

இம்மாற்றம் தமிழளவில் நின்றதன்று. இக்கால மலையாளத்தில் ‘நாற்றம்’, கன்னடத்தில் ‘நாத’ ஆகியவையும் தீமணத்தையே குறிக்கின்றன. பழந்தமிழ்ச் சான்றுகள் நற்பொருளைக் காட்டுவதால், இத்திரிபு பொது மூலமொழியிலேயே முற்றுப்பெற்றதாகாது. வேறு குடும்பத்து மொழியிலும் ஒப்புமை உண்டு. பாரசீகத்தில் பொதுநிலையில் நின்ற ‘பூ’, இந்தியில் தனித்து வருகையில் பெரும்பாலும் தீநாற்றமாகிறது. ‘குஷ்பூ’, ‘பத்பூ’ என்னும் தொகைகளே பழைய நடுநிலையைக் காத்து நிற்கின்றன.

மொழிபெயர்ப்பாளர் கடன்

‘நாறு’ என்பதற்குத் தோன்றுதல், முளைத்தல் என்னும் பொருளும் பழைய வழக்கில் உண்டு. வயலில் நடும் ‘நாற்று’ இப்பொருளோடு தொடர்புடையது. ஆதலின் மொழிபெயர்ப்பாளர் ஓரிடத்தில் இச்சொல்லைக் கண்டவிடத்து மூன்று வினாக்களுக்கு விடை காணல் வேண்டும்: இங்குக் குறிக்கப்படுவது மணமா, தோற்றமா? மணமாயின் நன்றா, தீதா, பொதுவா? அம்மதிப்பீடு சொல்லின்கண் உள்ளதா, சூழலின்கண் உள்ளதா? மூன்றாவது வினாவே அரிது. மூலத்தில் சொல் பொதுவாக நிற்க, மலரோ பிணமோ மதிப்பீட்டைத் தருமாயின், பெயர்ப்பிலும் பொதுச்சொல்லே ஏற்புடைத்து. ‘நறுமணம்’ என விளக்கிப் பெயர்ப்பது பிழையன்று. ஆயினும் கற்போர் தாமே முகர்ந்தறிய விடப்பட்டதை அது முன்னரே முகர்ந்து சொல்லிவிடுகிறது. வருணனையின் ஆற்றல் குன்றுவது அவ்விடத்திலேயாம்.