பூ வைக்காதவங்க வளர்த்த தோட்டம்

போன வாரம் திண்டுக்கல் கோட்டை மேல ஏறி இறங்கினோம். இந்த வாரம் அங்கிருந்து வடக்கே, வேடசந்தூர் பக்கம் இருக்கிற எரியோடு, எங்க அப்பத்தா ஊரு. இன்னைக்குப் போரும் கல்வெட்டும் கிடையாது. வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற பூச்செடிகளோட வரலாறுதான். 'இதுக்கு ஒரு எபிசோடா?'ன்னு தோணும். கொஞ்சம் கேளுங்க.

முதல்ல தண்ணியைப் பேசணும். எரியோடு சுத்துவட்டாரம் காய்ஞ்ச பூமி. ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குப் பருவமழை ஒழுங்கா பேஞ்சாதான் கிணத்துல தண்ணி ஊறும். அப்படிப்பட்ட ஊர்ல, குடத்துல சுமந்து வந்த நல்ல தண்ணியைப் பூச்செடிக்கு ஊத்தினா வீட்டுல திட்டு விழும். அதனால பழைய வீடுகள்ல செடி எங்க இருக்குன்னு பாருங்க. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல, பாத்திரம் கழுவுற இடத்துக்குக் கீழ, குளிச்ச தண்ணி வெளியேறுற பள்ளத்துல. அரிசி களைஞ்ச தண்ணி செம்பருத்திக்குப் போகும். வீட்டுத் தண்ணி எந்த வழியா ஓடுச்சோ, அந்த வழியிலதான் தோட்டம்.

அடுத்து செடிங்க. இதெல்லாம் ஆதிகாலத்துல இருந்தே நம்மகிட்ட இருக்குன்னு நினைக்கிறோம். மல்லி, முல்லை, கனகாம்பரம் எல்லாம் இந்தப் பக்கத்துச் செடிங்கதான், சரி. ஆனா ஆயுத பூஜைக்கு வண்டியில கட்டுறோமே செண்டுமல்லி, அது மெக்சிகோ. அங்க இன்னைக்கும் இறந்தவங்களுக்கான நாள்ல வீடு நிறைய அந்தப் பூவைத்தான் வைக்கிறாங்க. கபிலர் குறிஞ்சிப்பாட்டுல 99 பூவை அடுக்கினாரு. அதுல செண்டுமல்லி இருக்க வழியே இல்ல. 1492க்கு அப்புறம்தான் அது அமெரிக்காவை விட்டு வெளிய வந்துச்சு. நம்மாளுங்க அதுக்குத் துலுக்கச் செவந்தின்னு பேர் வச்சாங்க. இங்கிலீஷ்காரங்க பிரெஞ்சு மேரிகோல்டு, ஆப்பிரிக்கன் மேரிகோல்டுன்னாங்க. இந்தப் பேருங்கள்ல மெக்சிகோ இல்ல பாருங்க.

சாயங்காலம் பூக்கிற அந்திமந்தாரையும் அமெரிக்கக் கண்டத்துச் செடிதான். காகிதப்பூ பிரேசில். 1766ல பிரான்ஸ்ல இருந்து கிளம்பின புகேன்வீல் பயணத்துல, கொமெர்சோன்னு ஒரு தாவரவியலாளர் போனாரு. அவருக்கு உதவியாளரா ஆண் வேஷத்துல கப்பல் ஏறினவங்க ழான் பாரே. உலகத்தைச் சுத்தி வந்த முதல் பெண் அவங்கதான்னு இன்னைக்குச் சொல்றோம். செடிக்கு வச்சது கேப்டனோட பேரு. இத ஞாபகம் வச்சுக்கோங்க, இந்தக் கதை நம்ம ஊர்லயும் நடந்திருக்கு.

இப்ப வேலைக்கு வருவோம். கார்த்திகையில மழை ஓய்ஞ்சதும் மல்லிக்கு வெட்டு. முழங்கால் உயரத்துக்கு மேல இருக்கிற கொப்பையெல்லாம் கழிச்சு, மிச்ச இலையையும் உருவி, தூரைச் சுத்திக் கொத்திவிட்டு எரு போடணும். பார்த்தா செடி செத்துப்போன மாதிரி நிக்கும். முல்லைக்கு அவசரம் இல்ல, தை மாசம் போதும். வெட்டின மல்லியில மாசியில மொட்டு எட்டிப் பார்க்கும். பங்குனி, சித்திரை, வைகாசியில கொட்டோ கொட்டுன்னு கொட்டும். மத்தியானத்துக்கு மேல அந்த வெயில்லயே போய் மொட்டைக் கிள்ளணும், விட்டா ராத்திரி செடியிலயே விரிஞ்சிடும். அப்புறம் வாழைநாரைத் தண்ணியில நனைச்சு, காலை நீட்டி உட்கார்ந்து தொடுக்கணும்.

பனி விழுந்தா மல்லி சுருங்கிடும். பொங்கல் சமயத்துல திண்டுக்கல், நிலக்கோட்டை பூ மார்க்கெட்ல கிலோ 2000, 3000னு செய்தி வர்றது அதனாலதான். (2013ல புவிசார் குறியீடு வாங்கின 'மதுரை மல்லி'யில நிலக்கோட்டை மல்லியும் சேர்த்தி. பேரு மட்டும் மதுரைக்கு. எங்க மாவட்டத்துக்காரங்க இத ஒரு பெருமூச்சோடதான் சொல்லுவாங்க.) வீட்டுல அந்த மாசங்களுக்கு டிசம்பர் பூ இருக்கும். வாசமே கிடையாது, ஆனா அந்த ஊதா கலருக்கு ஈடு இல்ல. கனகாம்பரத்துல காய்ஞ்ச காய் மேல தண்ணி பட்டா பட்டுனு வெடிச்சு விதை தெறிக்கும். எங்களுக்கெல்லாம் அதுதான் செலவில்லாத பட்டாசு.

இவ்வளவு வேலையையும் யாரு செஞ்சாங்க? எங்க தெருவுல பெரிய தோட்டம் எங்க அப்பத்தாவோடது. 31 வயசுல தாலி அறுத்தவங்க. வெட்டுறது, எரு சுமக்கிறது, மொட்டு கிள்ளுறது, தொடுக்கிறது எல்லாம் அவங்கதான். தொடுத்ததை எங்க அம்மாவுக்கும் சித்திக்கும் முழம் போட்டுக் கொடுப்பாங்க; தெருவுல கேட்கிற பிள்ளைகளுக்கும் உண்டு. 'நீயும் கொஞ்சம் வச்சுக்கோ அப்பத்தா'ன்னு நான் நீட்டினா, 'எனக்கெதுக்குடி'ம்பாங்க. கையெல்லாம் மல்லி மணக்கும், தலையில ஒரு இதழ் இருக்காது. அந்தத் தெருவுல அவங்களை மாதிரி இன்னும் ரெண்டு மூணு பேர் இருந்தாங்க.

எல்லாச் சமூகத்துலயும் விதவைகளுக்கு ஒரே கட்டுப்பாடு இருந்துச்சுன்னு சொல்ல முடியாது. மறுமணம் வழக்கத்துல இருந்த சமூகங்கள் உண்டு, அதுக்கு அறுத்துக்கட்டுறதுன்னே பேரு. 1856ல விதவை மறுமணச் சட்டம் வந்துச்சு. 1929ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமை, விதவை மறுமணம்னு தீர்மானம் போட்டுச்சு. 1975ல இருந்து மறுமணத்துக்குத் தமிழக அரசு நிதியுதவி கொடுக்குது. பெரிய விஷயங்கள்தான். ஆனா கவனிங்க, எல்லாமே கல்யாணத்தையும் சொத்தையும் பத்தினது. மறுபடி கட்டிக்க விருப்பம் இல்லாத, ஆனா சித்திரை மாசம் ஒரு முழம் மல்லி வச்சுக்க ஆசைப்பட்ட பொம்பளைக்கு எந்தச் சட்டம் உதவும்? பூ வைக்கக் கூடாதுன்னும் எந்தச் சட்டத்துலயும் எழுதலையே. கல்யாண வீட்டுல ஆரத்தித் தட்டு எடுக்கிறப்ப ஒதுங்கி நிக்கச் சொல்ற ஒரு பார்வை போதும். அப்பத்தா தலை வெறுமையா இருந்ததுக்கு அந்தப் பார்வைதான் காரணம்னு நான் நினைக்கிறேன்.

ஒரு விஷயத்துல மட்டும் அவங்களை யாரும் தடுக்கல. மல்லியை யாரும் விதை போட்டு வளர்க்கிறதில்ல. கொப்பை வளைச்சு மண்ணுக்குள்ள புதைச்சு, வேர் விட்டதும் வெட்டி எடுக்கிற பதியன்தான். கட்டிக்கொடுத்த பொண்ணுங்க தாய் வீட்டுக்கு வந்துட்டுத் திரும்பறப்ப ஆளுக்கு ஒரு பதியன் கொண்டு போவாங்க. பதியன்ல வந்தது புதுச் செடி இல்ல, தாய்ச்செடியோட அச்சு அசல். அப்படிப் பார்த்தா அப்பத்தாவோட அதே செடி இப்ப கரூர்ல, ஒட்டன்சத்திரத்துல, திருப்பூர்ல எங்க அத்தை வீட்டு மொட்டைமாடித் தொட்டியில எல்லாம் பூக்குது. எரியோட்டு வீட்டுல பின்கட்டுக்கு சிமெண்ட் போட்டாச்சு.

திருப்பூர் அத்தைக்கு மாமா தவறி ஆறு வருஷம் ஆச்சு. போன சித்திரையில போயிருந்தேன். ரெண்டு முழம் தொடுத்தாங்க. ஒண்ணை எனக்கு வச்சுவிட்டு, இன்னொண்ணை வாழை இலையில சுருட்டி ஃபிரிட்ஜ்ல வச்சாங்க. யாருக்கு அத்தைன்னு கேட்டேன்.

'நாளைக்கு வேலைக்குப் போறப்ப எனக்கு வேணாமா?'ன்னாங்க.

உங்க வீட்டுச் செடி யார் வீட்டுல இருந்து பதியனா வந்துச்சுன்னு அம்மாகிட்டயோ அத்தைகிட்டயோ கேட்டு, ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.