கூலிக்கு நிற்கும் ஜாமீன்

குற்றம் சாட்டப்பட்டவருக்காகக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்பது, சட்டம் ஒப்புக்கொண்ட தொழிலாக அமெரிக்காவிலும் பிலிப்பைன்ஸிலும்தான் நடக்கிறது. வேறு நாடுகளில் அநேகமாக இல்லை; சிலவற்றில் அது குற்றமே. அமெரிக்க நடைமுறை இதுதான்: நீதிபதி 20,000 டாலர் ஜாமீன் விதிக்கிறார், அவ்வளவு பணத்தைப் புரட்ட முடியாத வீட்டார் ஜாமீன் முகவரிடம் போய், வழக்கமான பத்து சதவீதமாக 2,000 டாலர் கட்டுகிறார்கள், முகவர், தமக்குப் பின்னால் இருக்கும் காப்பீட்டு நிறுவனத்தின் பலத்தில், முழுத் தொகைக்கும் பொறுப்பேற்கிறார். தொகை பெரிதென்றால் வீட்டுப் பத்திரத்தையும் ஈடாகக் கேட்பார். ஆள் எல்லா வாய்தாவுக்கும் தவறாமல் ஆஜராகி, கடைசியில் வழக்கே தள்ளுபடியானாலும் அந்த 2,000 டாலர் திரும்பி வராது. பழைய ஆங்கிலச் சட்ட மரபின் இயல்பான வளர்ச்சி இது என்று இத்தொழிலின் ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். வரலாறு காட்டுவது அதற்கு நேர்மாறு. அந்த மரபு எதைத் தடுக்க நினைத்ததோ, அதுவே இங்கே தொழிலாகிவிட்டது.

இடைக்கால இங்கிலாந்தில் ஜாமீன் நின்றவர் உறவினர் அல்லது ஊர்க்காரர். கைதானவர் ஓடிப்போனால் தன் சொத்து போகும் என்பதால், அவரைக் கண்காணிப்பார். எந்தக் குற்றத்துக்கு ஜாமீன் உண்டு, எதற்கு இல்லை என்று 1275-ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் வரையறுத்தது. அளவுக்கு மீறிய ஜாமீன் கேட்கலாகாது என்றது 1689-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம். 1791-இல் அமெரிக்க அரசியலமைப்பின் எட்டாவது திருத்தம் அதை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜாமீன்தாரருக்கு இதில் ஆதாயம் கிடையாது. அவர் நட்டத்தை ஈடுகட்டுவதாகக் கைதியே ஒப்பந்தம் போட்டுக்கொண்டால், ஆளைப் பிடித்து நிறுத்தும் அக்கறை அவருக்கு எங்கிருந்து வரும்? அதனால்தான் ஆங்கில நீதிமன்றம் 1910-இல் அத்தகைய ஒப்பந்தத்தைச் சதியென்று தண்டித்தது. 1976-ஆம் ஆண்டின் ஜாமீன் சட்டம் அதைத் தனிக் குற்றமாகவே எழுதிவைத்தது. நம் நீதிமன்றங்களில் ஜாமீன்தாரர் குடும்ப அட்டையும் வீட்டுவரி ரசீதும் கொண்டுவந்து நிற்பதும் இந்த மரபின் தொடர்ச்சிதான்.

அமெரிக்காவில் மக்கள் மேற்கு நோக்கிப் பெயர்ந்துகொண்டே இருந்தார்கள். நகரங்கள் வந்தேறிகளால் நிரம்பின. கைதானவரைத் தெரிந்த, சொத்துள்ள ஒருவரைத் தேடிப்பிடிப்பது அரிதாயிற்று. 1872-இல் டெய்லர் எதிர் டெய்ன்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜாமீன் நின்றவர் ஓடியவரை வேறு மாநிலம்வரை துரத்தலாம், தேவைப்பட்டால் வீட்டுக்குள் புகுந்தும் பிடிக்கலாம் என்றது. சொந்த நிலத்தைப் பணயம் வைத்தவருக்குப் பொருந்திய அந்த அதிகாரம் பிறகு வணிகர்களின் கைக்குப் போனது. முதல் வணிகர்களாகப் பொதுவாகச் சொல்லப்படுபவர்கள் சான் பிரான்சிஸ்கோவின் மெக்டொனோ சகோதரர்கள், பீட்டரும் தாமஸும், ஆண்டு 1898. குடும்பத்தின் மதுக்கடை நீதிமன்றத்துக்கு அருகில் இருந்தது. அங்கே வந்துபோன வழக்கறிஞர்களுக்கு உதவியாகத் தொடங்கிய ஏற்பாடு கட்டணத் தொழிலாயிற்று. 1937-இல் அந்நகரக் காவல்துறையின் ஊழலை ஆராய்ந்த எட்வின் ஆதர்டனின் அறிக்கை, அந்த ஊழலின் ஊற்றாக இவர்கள் நிறுவனத்தையே காட்டியது. பீட்டருக்கு உரிமம் மறுக்கப்பட்டது. 1939-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை உறுதிசெய்தது. அதற்குள் தொழில் நாடெங்கும் வேரூன்றிவிட்டது.

இந்தத் தொழிலுக்காகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது, முகவர் அரசுக்குச் செலவில்லாமல் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார் என்பது. இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. எரிக் ஹெலண்ட், அலெக்ஸ் தபரோக் என்ற பொருளியலாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, முகவர் மூலம் வெளிவந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வாய்தா தவறினார்கள் என்று காட்டியது. ஆனால் பணம் வாங்காமலே ஆளை வரவைக்க முடியுமென்றால்? 1961-இல் நியூயார்க்கில் லூயி ஷ்வைட்சர், ஹெர்பர்ட் ஸ்டர்ஸ் இருவரும் தொடங்கிய மன்ஹாட்டன் ஜாமீன் திட்டத்தில், சட்ட மாணவர்கள் கைதிகளின் குடும்பம், வேலை, குடியிருப்பு பற்றி விசாரித்து, ஊரில் வேருள்ளவர்களைச் சொந்த வாக்குறுதியின் பேரில் விடப் பரிந்துரைத்தார்கள். முதல் மூன்று ஆண்டுகளில் அப்படி வெளிவந்தவர்களில் நூற்றுக்கு இருவர்கூட வராமல் போகவில்லை. 1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில், பீகார் சிறைகளில் வாடிய விசாரணைக் கைதிகளுக்காக எழுதும்போது நம் நீதிபதி பகவதி எடுத்துக்காட்டியதும் இந்தத் திட்டத்தைத்தான்.

முகவர் இல்லாவிட்டால் ஏழை உள்ளேயே கிடப்பான் என்பது இன்னொரு வாதம். இதற்கு இல்லினாய் மாநிலமே பதில். அங்கே 1963-இல் இயற்றிய சட்டத்தின்படி, அதே பத்து சதவீதத்தைக் கைதி நேரே நீதிமன்றத்தில் கட்ட முடிந்தது. ஒழுங்காக ஆஜரானால் அதில் பத்தில் ஒன்பது பங்கு திரும்பக் கிடைத்தது. அவன் திரும்பி வருவதற்கு அதுவே ஒரு காரணமாயிற்று. முகவரிடம் கட்டிய பணத்துக்கு அந்தச் சக்தி கிடையாது. முகவர்களுக்கு அங்கே வேலையில்லாமல் போயிற்று. 1976-இல் கென்டகி இத்தொழிலையே தடைசெய்தது. அதனால் அங்கே நீதிமன்றங்கள் முடங்கிவிடவில்லை. யாரை வெளியே விடுவது என்பது நீதிபதியின் முடிவு. பத்து சதவீதம் கட்ட வசதியுள்ளவர் யார், லாபமுள்ள கிராக்கி யார் என்று பார்க்கும் வணிகரிடம் அதை விட்டது அமெரிக்க நீதித்துறை தன் கடமையைக் கைகழுவியதே ஆகும். 2023 செப்டம்பர் 18 முதல் இல்லினாயில் ஜாமீனுக்குப் பணம் கேட்பதே முழுமையாக ஒழிந்தது; ஒருவரை உள்ளே வைக்க வேண்டுமென்றால் அதற்கான காரணத்தை அரசுத் தரப்பு நீதிபதி முன் நிறுவியாக வேண்டும். அமெரிக்க மாநிலங்களில் இப்படிச் செய்தது அதுவே முதல்.