மதகோடு திரும்பிய பவனி

மார்கழிப் பனியில் சம்பா பால் பிடித்து நிற்கிற ராத்திரிகளில்தான் பாபநாசம் பக்கத்து எங்கள் சேரியில் கேரல் பவனி கிளம்பும். கோயில் என்று சொல்ல ஒரு ஓட்டுக் கட்டடம். சனம் கொள்ளாது. அதனால் நடுத்திடலில் பெட்ரோமாக்ஸ் வைத்து ஜெபம், பாட்டு. பிறகு ஆர்மோனியம், டோலக்கோடு வீடு வீடாகப் போவோம். திடலில் பறைக்கும் இடம் உண்டு, கோயிலுக்குள் கிடையாது. சாவுக்கு அடிக்கிறது சாமிக்கு ஆகாதுன்னு எங்க சனமே சொல்லும்.

நான் லாந்தர் தூக்கிப் போன பத்து வயசில், பவனி வாய்க்கால் மதகு வரைக்கும் போய்த் திரும்பிவிடும். அந்தப் பக்கம் ஊர். ஏன் திரும்பணும்னு கேட்டேன். "அது ஊருத் தெரு. சாமி பொறந்திருக்குன்னு அவங்களுக்கு நாம போயிச் சொல்ல முடியுமா?"ன்னுச்சு அப்பாயி.

எம்.ஏ. வகுப்பில் குறவஞ்சி படித்தபோது அந்த மதகு ஞாபகம் வந்தது. குறவஞ்சி தலைவனின் பவனியில் தொடங்குவது. நாங்கள் பாடுகிற கீர்த்தனைகளில் பலவற்றை இயற்றிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) 1800இல் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். தலைவன் கிறிஸ்து. குறி சொல்ல வருகிறவள் குறத்தி.

அதே சாஸ்திரியார் 1829 வாக்கில் மிஷனரிமார் செய்த கொடுமைகள் என்று பட்டியல் போட்டார். வேதத் தமிழைத் திருத்தியது, பூவை விலக்கியது, தமிழ்ப் பாட்டைத் தடுத்தது, எல்லாச் சாதியையும் ஒன்றாக்கச் சொன்னது. பாட்டுக்காக அவர் நின்றது நியாயம்தான். ஆனால் நம்மோடு சேர்ந்து உட்காருவதையும் கொடுமைக் கணக்கில் சேர்த்தாரே, அதை எப்படி விழுங்குறது? பாட்டில் குறத்தி வரலாம்; பாயில் பறைச்சி உட்காரக் கூடாதா?

1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே, அடியோடு ஒழிக்கணும்னு உத்தரவு போட்டார். தஞ்சை வெள்ளாளக் கிறித்தவர்களில் பலர் சபையை விட்டார்கள், சாதியை விடவில்லை. தனி இடமும் நற்கருணையில் முதலிடமும் போய்விடுமே! வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தவன் என்ன நினைச்சான்னு எழுதிவைத்தவர்கள் குறைவு.

அதனால்தான் எங்களுக்குத் திடல் பெரிசு. அங்கே முன்வரிசை, பின்வரிசை கிடையாது. ஆனா அந்தச் சமத்துவமும் மதகோடு முடிஞ்சுபோகுது.

மதகைத் தாண்டினால் என்ன நடக்கும் என்கிற பயம் சும்மா வந்ததில்லை. இதே காவிரிப் படுகையில், 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கூலி கூடக் கேட்டதும் செங்கொடி பிடித்ததும் குற்றம். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தது. கிறிஸ்மஸ் ராத்திரி என்றால் எங்களுக்கு அதுவும்தான். ஆனால் எங்கள் பவனியில் வெண்மணியை ஒருதடவைகூடச் சொல்லிக் கேட்டதில்லை. கட்சிக்காரங்க சமாச்சாரம் என்பார்கள் பெரியவர்கள்.

இந்த வருஷம் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். சாஸ்திரியார் பாட்டை விடவேண்டாம். அவர் எழுதின மற்றதையும் சொல்லிவிட்டுப் பாடுங்கள். பறையைக் கோயிலுக்குள் கொண்டுவாருங்கள். மதகில் 44 விளக்கு ஏற்றுங்கள். ஏற்றிவிட்டுத் திரும்பாதீர்கள், அந்தப் பக்கம் நடங்கள்.

நடவுக்கும் களைக்கும் ஊராரிடம்தானே நிற்கணும் என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். பொய்யான பயம் இல்லை. அப்பாயி இப்போ இல்லை. இருந்தால் லாந்தரை அது கையில் கொடுத்து, கூடவே நடந்திருப்பேன்.