ஆளைத் தெரியவில்லையா, உள்ளே விட மனமில்லையா?

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே 40 கிலோமீட்டர் இருந்தால் அதிகம். சென்ற கோடையில் இந்த இரண்டு ஊர்களிலிருந்தும் ஒரே புகாரோடு இரண்டு லேப்டாப்புகள் என்னிடம் வந்தன. "புது பேட்டரி வாங்கிப் போட்டாச்சு, எடுக்க மாட்டேங்குது" என்று கொண்டுவந்த இருவரும் வார்த்தை மாறாமல் சொன்னார்கள். ஒன்று ஒரே மணி நேரத்தில் சரியானது. மற்றொன்று அந்த பேட்டரியோடு இன்றுவரை சரியாகவில்லை. இத்தனைக்கும் சரியாகாத லேப்டாப்பில் பழுது என்று எதுவும் கிடையாது.

பேட்டரியைத் தெரிந்துகொள்ள முடியாத லேப்டாப் ஒன்று, தெரிந்துகொண்டும் ஏற்க மறுக்கும் லேப்டாப் ஒன்று. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வைத்தியம் மட்டும் வேறு வேறு. இந்த வேறுபாடு புரியாமல் அடுத்த பேட்டரிக்குப் பணம் கட்டுகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியது.

இரண்டு லேப்டாப்புகள், இரண்டு வரலாறுகள்

திண்டிவனத்து லேப்டாப் அரசு கொடுத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு வாங்கிய 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் தமிழ்நாட்டு மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அப்படி அண்ணன் பிளஸ் டூ படித்தபோது வாங்கியதை இப்போது தங்கை கல்லூரிக்கு எடுத்துப்போகிறாள். சார்ஜ் பத்து நிமிடம்கூட நிற்காமல் போகவே, ஆன்லைனில் 1,400 ரூபாய்க்கு ஒரு லோக்கல் பேட்டரி வரவழைத்துச் சொருகியிருக்கிறாள்.

விழுப்புரத்து லேப்டாப் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப் போட்டது. மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுதும் பெரியவர் ஒருவர் சென்னை ரிச்சி தெருவில் அதைச் செகண்ட் ஹேண்டாக வாங்கியிருந்தார். ஸ்கிரீன், கீபோர்டு எல்லாம் கல்லுப்போல இருந்தன. பேட்டரி மட்டும் தளர்ந்துபோயிருந்தது. அவரும் கிட்டத்தட்ட அதே விலைக்கு அதே மாதிரி ஒரு பேட்டரியைத்தான் வாங்கிப் போட்டார்.

ஆக, வாங்கிய பொருளில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு லேப்டாப்புக்குள் இருந்தது.

பேட்டரி பேசும் பாஷை

டார்ச் லைட் செல்லைப் போட்டால் எரியும், அல்லது எரியாது. அதற்குமேல் அதனிடம் பேச்சில்லை. லேப்டாப் பேட்டரி அப்படியல்ல. செல்களோடு சேர்த்து உள்ளே ஒரு சின்ன சர்க்யூட் போர்டும் சிப்பும் இருக்கின்றன. பேட்டரியின் பல் பல்லான முனைகளில் சில மின்சாரம் கடத்துபவை. இரண்டு முனைகள் பேசுவதற்கென்றே இருப்பவை: ஒன்று தாளம் போடும், மற்றொன்று செய்தியைக் கொண்டுபோகும். லேப்டாப்பின் மதர்போர்டில் உள்ள கட்டுப்பாட்டு சிப் அந்த வழியாகக் கேள்வி கேட்கும். எந்தக் கம்பெனி, எத்தனை வோல்ட், எவ்வளவு கொள்ளளவு, எத்தனை முறை சார்ஜ் ஆகி இறங்கியிருக்கிறாய், இப்போது சூடு எவ்வளவு? பதில் வந்தால்தான் சார்ஜ் ஏற்றும் வேலை தொடங்கும்.

இந்தக் கேள்வி பதிலுக்கு இலக்கணம் வகுத்தவர்களில் முக்கியமானவர்கள் இன்டெல்லும், டார்ச் செல்லுக்குப் பேர்போன டியூராசெல்லும். ஸ்மார்ட் பேட்டரி என்ற அந்த வரையறை 1995-இல் வெளியானது. யார் செய்த பேட்டரியும் யார் செய்த கணினியோடும் ஒரே பாஷையில் பேச வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அந்த நோக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு இரண்டு லேப்டாப்புகளுக்கும் வருவோம்.

திரை என்ன சொல்கிறது?

திண்டிவனத்து லேப்டாப்பில் பேட்டரி படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. பேட்டரி எதுவும் கண்டறியப்படவில்லை என்ற செய்தி. விண்டோஸ் தொடங்குவதற்கு முன்னால் வரும் பயாஸ் திரைக்குள் போய்ப் பார்த்தாலும் அதே பாட்டு. இந்த ஒப்பீடு அவசியம். பயாஸில் பேட்டரி தெரிந்து விண்டோஸில் மட்டும் தெரியாவிட்டால் கோளாறு மென்பொருளில் இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் பேட்டரிக்கான பதிவை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் சரியாகும். இரண்டு இடத்திலும் தெரியாவிட்டால் கைவைக்க வேண்டியது வன்பொருளில்.

விழுப்புரத்து லேப்டாப்போ பேட்டரியை நன்றாகவே பார்த்தது. கொள்ளளவு, வோல்ட், சதவீதம் எல்லாம் சரியாகக் காட்டியது. ஆனால் ஆன் செய்ததும் ஆங்கிலத்தில் ஒரு வாசகம்: இந்த பேட்டரிக்கு இந்தக் கணினியில் ஆதரவு இல்லை, சார்ஜ் ஆகாது. பெரியவர் அதைப் படிக்காமல் எண்டர் தட்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். அவருடைய பிரச்சினைக்கான முழு விடையும் அந்த ஒரு வரியில்தான் இருந்தது.

சார்ஜரைப் பிடுங்கினால்?

திண்டிவனத்து லேப்டாப் அந்த நொடியே அணைந்தது. விழுப்புரத்து லேப்டாப் அணையவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த அரைகுறை சார்ஜில் ஓடிக்கொண்டே இருந்தது. எடுக்க மட்டும் செய்யும், ஏற்றாது. எடுக்க முடிகிறது என்றால் மின்சாரம் போகும் பாதையில் குறையில்லை என்று பொருள்.

மூன்றாவதாகச் செய்தது பழைய பேட்டரியைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது. இருவரும் பழையதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. திண்டிவனத்தில் பழைய பேட்டரியையும் லேப்டாப் கண்டுகொள்ளவில்லை. போன வாரம் வரை பேசிக்கொண்டிருந்த பேட்டரி அது. அப்படியானால் குறை பேட்டரியில் இல்லை, சொருகும் இடத்தில். விழுப்புரத்தில் பழையதைப் போட்டதும் சார்ஜ் விளக்கு உடனே எரிந்தது. சார்ஜ் ஏற்றும் சர்க்யூட் நலம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். காசில்லாத இந்தச் சோதனையைத்தான் பலரும் செய்வதில்லை. உப்பிப்போன பழைய பேட்டரியை மட்டும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

கையால் தீர்ந்தது, கையால் தீராதது

டார்ச் அடித்துப் பார்த்தால் திண்டிவனத்து லேப்டாப்பின் பேட்டரிக் குழியில் ஒரு முள் வளைந்து கிடந்தது. "லாக் வரலண்ணா, ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினேன்" என்றாள் அந்தப் பெண். வளைந்தது பேசும் முள். சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, சின்னச் சாமணத்தால் முள்ளை நிமிர்த்தினோம். பேட்டரி தெரிந்தது, ஆனால் 0 சதவீதம். குடோனில் மாதக்கணக்கில் கிடக்கும் பேட்டரிகளின் சிப் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தூங்கிவிடும். சார்ஜர் மின்சாரம் உள்ளே வந்தால்தான் கண் விழிக்கும். சார்ஜரைப் போட்டு விட்டுவைத்தோம். கொஞ்ச நேரத்தில் எண் ஏறத் தொடங்கியது.

விழுப்புரத்தில் இதையெல்லாம் செய்தும் பயனில்லை. அங்கே லேப்டாப் கேட்பது கூடுதலாக ஒரு கேள்வி. ஓர் எண்ணை அனுப்பி, கம்பெனிக்கு மட்டும் தெரிந்த ரகசியச் சாவியால் அதைக் கணக்கிட்டுத் திருப்பி அனுப்பச் சொல்கிறது. லோக்கல் பேட்டரியிடம் அந்தச் சாவி இல்லை. ரேஷன் கடையில் கார்டு சரியாக இருந்தும் கைரேகை ஒத்துப்போகாமல் வெறும் பையோடு திரும்புவதுபோலத்தான். வரிசையில் நிற்பவர் யாரென்று கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். மெஷின் ஒப்புக்கொள்ளாது, அவ்வளவுதான்.

"அப்ப இதுக்கு வழியே இல்லையா தம்பி?" என்று கேட்டார் பெரியவர். இருந்தது. கம்பெனி பேட்டரியே வாங்கலாம். விலை மூன்று மடங்கு, பழைய மாடலுக்குக் கிடைப்பதும் அரிது. அல்லது விற்றவரிடம் இதே மாடலுக்கு ஏற்ற பேட்டரியாக மாற்றித் தரக் கேட்கலாம். கட்டுப்பாட்டு சிப்பின் நிரலையே திருத்துகிறவர்களும் உலகில் உண்டு; ஓர் அடி தவறாக வைத்தால் மதர்போர்டே போய்விடும் என்பதால் அதை நான் சொல்லவில்லை.

மூன்றாம் ஆள் வேடம்

ஒப்பிடும்போது குழப்பக்கூடிய இரண்டு விஷயங்களை ஒதுக்கிவிட வேண்டும். டெல், எச்பி லேப்டாப்புகள் பலவற்றில் சார்ஜர் முனையின் நடுவே ஊசிபோல ஒன்று இருக்கும். சார்ஜர் யாரென்று சொல்வது அந்த ஊசிதான். அது ஒடிந்தாலோ சார்ஜர் போலியாக இருந்தாலோ லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாமல் போகலாம். பழி பேட்டரியின் மேல் விழும். இன்னொன்று, பேட்டரி ஆயுளுக்காக 60 அல்லது 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் ஏற்பாடு. அது பல லேப்டாப்புகளில் அமைப்பாகவே உண்டு. அந்த எண்ணில் நின்றால் அது நோயல்ல, பத்தியம்.

மறுப்புக்குச் சொல்லும் நியாயம்

கம்பெனிகள் சொல்லும் காரணம் பாதுகாப்பு. அதைக் கேலி செய்துவிட முடியாது. லித்தியம் அயன் செல் தீப்பிடிக்கக்கூடியது. பாதுகாப்பு சர்க்யூட்டில் காசு பார்க்கும் டூப்ளிகேட்டுகள் நம் சந்தையில் உண்டு. 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம் தீ அபாயத்தால் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது.

ஆனால் அந்த 41 லட்சமும் கம்பெனி முத்திரையோடு போன ஒரிஜினல்கள். உள்ளே இருந்தவை சோனி செல்கள். ரகசியச் சாவி கேட்டிருந்தால் அத்தனையும் சரியான பதிலைச் சொல்லித் தேர்ச்சி பெற்றிருக்கும். சாவி சோதிப்பது பிறந்த வீட்டை. செல்லின் நலத்தை அல்ல. சூடு, வோல்ட், கரண்ட் ஆகியவற்றை அளந்து ஆபத்தென்றால் நிறுத்துவதுதான் பாதுகாப்பு. 1995-இன் பாஷையிலேயே அதற்கெல்லாம் சொல் இருக்கிறது.

மறுக்கும் முறையிலும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடு உண்டு. லெனோவோவின் 2012 ஆம் ஆண்டு திங்க்பேட் எக்ஸ்230, டி430 மாடல்கள் முத்திரையில்லாத பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றாதவை என்று உலகம் முழுக்கப் பேர்பெற்றவை. 2018-க்குப் பிந்தைய ஐபோன்கள், இது ஆப்பிள் பேட்டரிதானா என்று உறுதிசெய்ய முடியவில்லை என எச்சரித்துவிட்டு, சார்ஜ் ஏற வழிவிடுகின்றன. எச்சரிப்பது கம்பெனியின் கடமை. தடுப்பது அதன் உரிமையா என்பதுதான் கேள்வி.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு விடை எழுதிவிட்டது. அதன் 2023 ஆம் ஆண்டு பேட்டரிச் சட்டப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே மாற்ற வழியிருக்க வேண்டும். பொருந்தக்கூடிய வேறு பேட்டரி போடுவதை மென்பொருளால் தடுக்கக் கூடாது. இந்தியாவில் பழுதுபார்க்கும் உரிமைக்கு 2022-இல் மத்திய நுகர்வோர் துறை குழு அமைத்தது, இணையதளமும் திறந்தது. மென்பொருள் பூட்டைத் தொடும் சட்டம் இங்கே இல்லை.

தீர்ப்பு

இரண்டில் எது மோசம்? முதலில் பார்த்தால் எதுவுமே தெரியாத திண்டிவனத்து லேப்டாப்தான் மோசமாகப் படும். உண்மையில் அதற்கு வேண்டியிருந்தது ஒரு சாமணமும் கொஞ்சம் பொறுமையும். எல்லாம் தெரிந்த விழுப்புரத்து லேப்டாப்புக்கு நம் கையில் மருந்தில்லை. பழுது மெக்கானிக்கின் வேலை. மறுப்பு சட்டத்தின் வேலை.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பேட்டரி வாங்கும் முன் பழையதன் அடியில் அச்சிட்ட பார்ட் நம்பரையும் வோல்ட்டையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 10.8-உம் 11.1-உம் ஒரே குடும்பம், 14.8 வேறு குடும்பம். ஐஎஸ் 16046 என்ற எண்ணும் பிஐஎஸ் முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் மாடல் வெளி பேட்டரியை ஏற்குமா என்று கடைக்காரரிடம் கேட்டு, ஏற்காவிட்டால் திருப்பி எடுப்பதாக பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் உள்ளிட்ட கருவிகள் என்று 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அவற்றின் பேட்டரிகளும் நான்கைந்து ஆண்டுகளில் தளரும். அண்ணனிடமிருந்து தங்கைக்குப் போகும் காலம் அந்த லேப்டாப்புகளுக்கும் வரும். பிஐஎஸ் பதிவு பெற்ற எந்த பேட்டரியையும் ஏற்க வேண்டும் என்று டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் போதும். அரசுக்கு அது ஒரு வரி. மல்லாட்டை மண்டிப் பெரியவர் தம் லேப்டாப்பை இப்போதும் சுவரோரம் சார்ஜரில் சொருகித்தான் கணக்கு எழுதுகிறார்.