நீராவி யானையும் நாமக்கல் லாரியும்

நான் பள்ளியில் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். பன்னிரண்டு வயதிருக்கும்போது வாத்தியார் ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்து, விடுமுறைக்குள் படித்து முடிக்கச் சொன்னார். ழூல் வெர்ன் எழுதிய 'நீராவி வீடு'. (ஜூல்ஸ் வெர்ன் என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும்.) 1880இல் வந்த நாவல். கதை நடப்பது நம் இந்தியாவில், 1867இல். இரும்பால் செய்த ஒரு யானை, வயிற்றுக்குள் நீராவி எஞ்சின். அதன் பின்னால் சக்கரம் வைத்த இரண்டு வீடுகள். படுக்கையறை, சாப்பாட்டு அறை, சமையலறை, சமையல்காரர் எல்லாம் உண்டு. கல்கத்தாவில் கிளம்பி கயா, காசி வழியாக இமயமலை அடிவாரம் வரை போகிறார்கள். இதை எழுதியவர் இந்தியாவுக்கு வந்ததே கிடையாது.

அந்த வீட்டில் ஒருநாளாவது தூங்க வேண்டும் என்று அன்றைக்கு ஆசைப்பட்டேன். பிறகு வேலை கிடைத்துச் சேலம் மாவட்டத்துக்கு வந்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தராக உட்கார்ந்து, ஆயிரக்கணக்கான லாரிக் கோப்புகளைப் புரட்டினேன். சக்கரம் வைத்த வீடு தினமும் என் மேஜை வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது என்பது எனக்கு உறைக்க வெகுகாலம் ஆனது.

வீட்டை விட்டுக் கிளம்பி வெளியில் தங்குவது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1792இல் திப்புவிடமிருந்து பாராமகாலும் சேலமும் கும்பினியார் கைக்குப் போயின. கர்னல் ரீடு என்பவரின் கீழ் உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ 1799 வரை இங்கே இருந்தார். நிலத்தை அளந்து தீர்வை விதிக்கும் வேலை. ஊர் ஊராகப் போய்க் கூடாரம் அடித்துத்தான் அந்த வேலையைச் செய்ய முடியும். பின்னாளில் சென்னை மாகாணக் கவர்னரானபோதும் அவருக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. 1827இல் சுற்றுப்பயணம் போன இடத்தில், கர்னூல் பக்கம் பத்திகொண்டாவில், காலராவில் இறந்தார். நாங்கள் அலுவலகத்தில் 'சார் கேம்ப்' என்று சொல்வோமே, அந்தக் கேம்ப் அப்படி வந்ததுதான்.

துரைமாருக்குக் கூடாரம் என்றால் நம் ஜனங்களுக்கு மாட்டு வண்டி. கூண்டு வண்டிக்குள் வைக்கோல் பரப்பி மேலே சமுக்காளம் விரித்தால் படுக்கை. அடியில் அரிக்கேன் விளக்கு ஆடும். பின்னால் மாட்டுக்குத் தீவனம். எடப்பாடி பருவதராஜகுலத்தார் தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடி கொண்டு போவது முந்நூறு ஆண்டுக்கும் மேலான வழக்கம். மலைமேல் இரவு தங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. பஞ்சாமிர்தத்தையும் அங்கேயே தாங்களே தயாரிப்பார்கள். ஓர் ஊரே பெயர்ந்து, வழியில் சமைத்துச் சாப்பிட்டு, மரத்தடியில் தூங்கிப் போய் வருகிற பயணம் அது. உங்களில் பலர் சின்ன வயதில் அப்படி வண்டியில் படுத்து நட்சத்திரம் பார்த்திருப்பீர்கள்.

வண்டி போய் லாரி வந்தது. 1954இல் டாடா நிறுவனம் ஜெர்மனியின் பென்ஸ் கூட்டோடு ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்கத் தொடங்கியது. 1955இல் லேலண்டு கூட்டு சேர்ந்து சென்னை எண்ணூரில் அசோக் லேலண்டு ஆனது. தொழிற்சாலையிலிருந்து வருவது வெறும் சேஸிஸ்தான். கூரையும் கதவும் இல்லாமல், தலையில் துண்டு கட்டிய டிரைவர் அதை வெயிலில் ஓட்டிக்கொண்டு வருவார். அதற்கு உடம்பு கட்டிக் கொடுப்பது நாமக்கல் பட்டறைகள். தச்சர், கொல்லர், பெயிண்டர் என்று பத்துப் பேர் சேர்ந்து கேபின் கட்டுவார்கள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஆள் படுக்க ஒரு பலகை, சாமி படத்துக்கு ஒரு மாடம், ஸ்டவ்வும் அரிசியும் வைக்க ஒரு பெட்டி. ஒரு மாதம் ஓடுகிற வண்டியில் இருவர் குடித்தனம் நடத்த அதுதான் இடம். பதிவுக் கோப்பில் பாடி வகை, எடை, உட்காரும் இடம் எத்தனை என்றெல்லாம் எழுதுவோம். அதில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அதைவிடக் கடினமானது திருச்செங்கோட்டுப் போர் வண்டி. 1967இல் பீகாரில் கடும் வறட்சி. கடினப் பாறையைத் துளைக்கும் இயந்திரங்களை யுனிசெஃப் விமானத்தில் கொண்டுவந்து இறக்கியது. வெர்னின் இரும்பு யானை கதையில் கயாவைக் கடந்து சரியாக நூறு ஆண்டு கழித்து, அதே சீமைக்கு நிஜ இயந்திரம் வந்தது. அந்தத் தொழிலை நம் பக்கத்தார் எப்படிப் பிடித்துக்கொண்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மழை பொய்த்த காட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு லாரியில் துளைக்கும் இயந்திரமும் கம்ப்ரசரும், கூடவே சப்போர்ட் லாரியில் பைப், டீசல், தண்ணீர், அரிசி மூட்டை, ஆட்கள். திருச்செங்கோட்டுப் போர் வண்டி போகாத மாநிலம் இல்லை.

என் மனைவியின் அண்ணன் இருபத்திரண்டு வருடம் அப்படி இருந்தார். பொங்கலுக்கு வருவார், பத்து நாளில் கிளம்பிவிடுவார். ஒருமுறை கேட்டேன்: "மச்சான், ஆக்ரா பக்கம் ஒரு மாசம் இருந்தீங்களே, தாஜ்மகால் எப்படி?"

"வண்டிய உட்டுட்டு எங்கீங்க மாப்ளே போறது?" என்றார். கோபமில்லை, வருத்தமுமில்லை.

இப்போது கேரவன் என்று பேசுகிறார்கள். முன்பு சினிமாக்காரர்களுக்கு மட்டும் இருந்தது. 2021இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. சேலத்தில் என் மகனின் நண்பர் பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கூரையில் சோலார் தகடு எல்லாம் வைத்து மாற்றியிருக்கிறார். போன தை மாதம் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, மோகனூரில் காவிரிக் கரையோரம் ஓர் இரவு நிறுத்தினார்.

அறுபது வருட ஆசை நிறைவேறியது என்று எனக்கு ஒரே குதூகலம். மச்சான் இறங்கியதும் டயரைத் தட்டிப் பார்த்தார். ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அடை கொடுத்தார். கட்டிலில் படுக்கவில்லை. பாயை வாங்கிக்கொண்டு வெளியே வண்டியை ஒட்டிப் படுத்துக்கொண்டார்.

விடியற்காலை எழுந்து பார்த்தேன். தண்ணீரைப் பார்த்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்துச் சொன்னார்: "வண்டிய நிறுத்திப்போட்டு வேலையில்லாம உக்காந்தது இதுதான் மொதத் தடவைங்க மாப்ளே."

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. நான் புத்தகத்தில் ஏங்கிய வீட்டில் அவர் இருபத்திரண்டு வருடம் வாழ்ந்திருக்கிறார். ஊர் பார்ப்பதற்காக அல்ல, ஊருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதற்காக. என் வீட்டுக் கிணறு வற்றியபோது போர் போட்டதும் அவர் சேர்த்த பணத்தில்தான்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் பெரிய லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. நல்லது. இவ்வளவு காலம் ஆனதே என்பதுதான் வருத்தம். மச்சானிடம் சொன்னேன். "பசங்களாச்சும் நல்லாத் தூங்கட்டும்" என்றார்.

வரும் ஐப்பசியில் அவரை ஆக்ராவுக்கு அழைத்துப்போகலாம் என்றிருக்கிறேன். ரயிலில்தான். உங்கள் வீட்டிலும் லாரியிலோ போர் வண்டியிலோ காலம் கழித்த ஒருவர் இருப்பார். ஒருநாள் சும்மா பக்கத்தில் உட்கார்ந்து, எந்தெந்த ஊரில் படுத்தீர்கள், என்ன சமைத்தீர்கள் என்று கேளுங்கள்.